பாக்கெட்டில் ஆக்சிஜன் இருக்கிறது, மீனுக்கு உயிரில்லை: எங்கே தவறு என்று கண்டுபிடிப்பது எப்படி?

காலை ஆறரை மணிக்கு மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, பாக்கெட் எல்லாம் கெட்டியாத்தான் வந்துச்சு. மீனும் உசுரோடதான் இருந்துச்சு. தொட்டியில விட்டு அரை மணி நேரம்கூட ஆகல, ஒண்ணொண்ணா மல்லாந்துடுச்சு. அடுத்த தடவை ஆக்சிஜன் கொஞ்சம் கூட அடிச்சு அனுப்புங்கண்ணே."

முந்தின நாள் மாலை சென்னை கொளத்தூரில் நானே என் கையால் கட்டிய பெட்டி அது. கருப்பு மோலி என்ற அலங்கார மீன் 40. அவர் கேட்டபடி ஆக்சிஜனைக் கூட அடித்து அனுப்பியிருந்தால் அடுத்த பெட்டியும் அதே மாதிரிதான் போயிருக்கும். ஏனென்றால் அந்த மீன்கள் ஆக்சிஜன் இல்லாமல் சாகவில்லை.

இந்தத் தொழிலில் மீன் செத்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது சிலிண்டரில்தான். பல வருடம் நானும் அப்படித்தான் செய்தேன். இப்போது முதலில் பாக்கெட் தண்ணீரைப் பார்க்கிறேன். பெட்டி வாங்குபவர்களிடமும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்: மீன் செத்திருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். பிரிக்காத பாக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரு போட்டோ, பிரித்ததும் தண்ணீரின் சூடு, பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு), முடிந்தால் அமோனியா. இந்த நான்கும் கையில் இருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். உங்கள் பாக்கெட் எந்த நிலையில் வந்து சேர்ந்தது என்று பார்த்து, அதற்கான இடத்துக்குப் போய்ப் படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கணக்கு

காற்றாடிய தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அதே சூட்டில் ஒரு லிட்டர் சுத்த ஆக்சிஜன் வாயுவின் எடை சுமார் 1,300 மில்லிகிராம். அதாவது தண்ணீருக்கு மேலே நிற்கும் வாயுதான் கிடங்கு. தண்ணீரில் இருப்பது கைச்செலவுக்கு.

2 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் 4 லிட்டர் ஆக்சிஜன், உள்ளே 100 கிராம் மீன் என்று வையுங்கள். பதறிப்போன சின்ன மீன் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 500 மில்லிகிராம் தின்கிறது என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். 24 மணி நேரத்துக்கு 1,200 மில்லிகிராம். கிடங்கில் இருப்பதோ 5,200. நான்கு நாளைக்குக் காணும். இதே பாக்கெட்டில் ஆக்சிஜனுக்குப் பதில் வெறும் காற்றை அடைத்தால் மொத்தமே 1,100 மில்லிகிராம் போலத்தான் தேறும். அதில் பாதி தீர்வதற்குள் மீன் திணற ஆரம்பித்துவிடும்.

ஆக, சிலிண்டர் வாயுவை ஒழுங்காக அடைத்து, வாயை ஒழுங்காகக் கட்டிய பாக்கெட்டில் ஒரு ராத்திரிப் பயணத்துக்குள் ஆக்சிஜன் தீர்வது மிக அபூர்வம். மீன் மூச்சு விட்டு வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடும், செவுள் வழியாகக் கழிக்கும் அமோனியாவும், வெயிலும்தான் முக்கால்வாசிப் பெட்டிகளைக் கெடுக்கின்றன.

உயிரோடு வந்தது, பிரித்துத் தொட்டியில் விட்டதும் செத்தது

மதுரைக்காரருக்கு நடந்தது இதுதான். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற பாதி தானாகவே புரியும்.

மூடிய பாக்கெட்டுக்குள் இரண்டு காரியம் ஒரே நேரத்தில் நடக்கிறது. மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து பிஎச்சைக் கீழே இறக்குகிறது. 7.5-ல் கட்டிய தண்ணீர் விடியும்போது 6.5-க்கு வந்திருப்பது சாதாரணம். இன்னொரு பக்கம் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது. ஆனால் பிஎச் கீழே இருக்கும்வரை அந்த அமோனியாவில் மிகப் பெரும்பகுதி விஷமில்லாத அம்மோனியமாக அடங்கிக் கிடக்கும். 25 டிகிரியில், பிஎச் 6.5 என்றால் 1,000 பங்கில் 2 பங்குதான் விஷ அமோனியா. பிஎச் 8 ஆனால் 1,000-ல் 50-ஐத் தாண்டும். அதே தண்ணீர், அதே அளவு கழிவு, விஷம் மட்டும் சுமார் 30 மடங்கு.

பாக்கெட்டின் வாயைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும், பிஎச் மேலே ஏறும். மீன் அந்தத் தண்ணீரிலேயே இருக்கும்போது நாம் 'பழக்குகிறோம்' என்று கடைத் தொட்டித் தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றுகிறோம். தொட்டித் தண்ணீரின் பிஎச் 8 என்றால், ஊற்றும் ஒவ்வொரு டம்ளரும் அடங்கிக் கிடந்த அமோனியாவை எழுப்பிவிடுகிறது. மீன் உடம்பைச் சிலிர்த்து ஓடும், மேலே வந்து வாயைத் திறக்கும், மல்லாக்கும். பார்ப்பவருக்கு அது ஆக்சிஜன் பற்றாக்குறை மாதிரியேதான் தெரியும்.

மதுரைக் கடையில் தொட்டியின் பிஎச் 8.2. அடியில் சிப்பி கலந்த மணல். மோலிக்கு அது நல்ல தண்ணீர்தான், அதில் குறையே இல்லை. பாக்கெட்டைப் பிரித்து, திறந்த பக்கெட்டில் கொட்டி, அரை மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் மாற்றியிருக்கிறார். பக்கத்து ஏரியாவில் வாங்கி, அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கொண்டு வந்த மீனுக்கு அந்த முறை சரி. ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த மீனுக்கு அதுவே எமன்.

செய்ய வேண்டியது இது. பாக்கெட்டைக் கட்டுப் பிரிக்காமலே தொட்டித் தண்ணீரில் 15–20 நிமிடம் மிதக்கவிடுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். சூடு சமமானதும் வாயைத் திறந்து, அப்படியே வலைத்தொட்டில் வழியாக ஒரு காலி பக்கெட்டில் தண்ணீரை வடித்து, மீனை உடனே தொட்டியில் விடுங்கள். திறந்ததிலிருந்து விடுவதுவரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. பாக்கெட் தண்ணீர் ஒரு சொட்டும் தொட்டிக்குள் போகக்கூடாது. தொட்டியின் பிஎச் 8-க்கு மேல் இருந்தால், மீன் வரும் முன்பே 7-லிருந்து 7.5 வரை உள்ள தண்ணீரில் ஒரு தனி டப்பைத் தயார் செய்து, லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு போட்டு, முதலில் அதில் விடுங்கள். தொட்டித் தண்ணீருக்கு மறுநாள் பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம். பழக்குவது அப்போதுதான்.

இனி என் பக்கத்துத் தவறு. அது அடுத்த அறிகுறியில் வருகிறது.

தண்ணீர் கலங்கி, நுரை தள்ளி, நாற்றம் அடிக்கிறது

பாக்கெட்டை லேசாக ஆட்டினால் நுரை நிற்கிறதா? நல்ல தண்ணீரில் குமிழி உடனே உடைந்துவிடும். சளி, கழிவு ஏறிய தண்ணீரில் சோப்பு நுரை மாதிரி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அடியில் கழிவு நூல் நூலாகக் கிடக்கும். இதைப் பார்த்தால் இரண்டே சந்தேகம்தான்: மீன் வயிற்றோடு ஏறியிருக்கிறது, அல்லது கூட்டம் அதிகம்.

பட்டினி போடாத மீனை அனுப்பவே கூடாது. கப்பி, மோலி, டெட்ராவுக்கு ஒரு முழு நாள். கோல்டு ஃபிஷ், கொய் கார்ப்புக்கு இரண்டு நாள். கையளவு ஆஸ்கருக்கு இரண்டு மூன்று நாள். குஞ்சு மீன் அவ்வளவு தாங்காது, அதற்குப் பட்டினியைக் குறைத்து, பாக்கெட்டில் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும்.

மோலிக்கு நான் ஒரு நாள் தீனி நிறுத்தியிருந்தேன். ஆனால் நிறுத்தியது பழைய சிமெண்ட் தொட்டியில். அந்தத் தொட்டிச் சுவரெல்லாம் பச்சைப் பாசி. மோலி பாசியைக் கொத்திக்கொண்டே இருக்கும் ஜாதி. நான் பட்டினி என்று நினைத்தேன், அவை ராத்திரி பகலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. மதுரையிலிருந்து வந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பாக்கெட் அடியில் பச்சை நூல் நூலாகக் கிடந்தது. மனசு கனத்துவிட்டது. அன்றிலிருந்து பட்டினி என்றால் தேய்த்துக் கழுவிய டப், புதுத் தண்ணீர், ஏர் ஸ்டோன், வேறு எதுவும் இல்லை. டப்பின் அடியில் கழிவு விழுவது நின்ற பிறகுதான் பேக்கிங்.

கூட்டம் எவ்வளவு என்று யாராவது 'லிட்டருக்கு இத்தனை' என்று சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மீன் சைஸ், தண்ணீர், மாதம், தூரம் எல்லாம் சேர்ந்துதான் அந்த எண் வரும். அதைவிட நம்பகமானது சோதனைப் பாக்கெட். நீங்கள் அனுப்ப நினைக்கும் அளவில் ஒரு பாக்கெட் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, உங்கள் ஷெட்டிலேயே ஓரமாக விட்டுவிடுங்கள். பயணம் 10 மணி நேரம் என்றால் சோதனை 24 மணி நேரம். பஸ் லேட்டாகலாம், கடைக்காரர் ஊரில் இல்லாமல் போகலாம், பெட்டி குடோனில் மதியம்வரை கிடக்கலாம். 24 மணி நேரம் கழித்துப் பிரித்து மேலே சொன்ன முறையில் விட்டு, இன்னும் இரண்டு நாள் கவனியுங்கள். ஒரு மீன்கூடப் போகவில்லை என்றால் அந்த எண்ணிக்கை உங்களுடையது. ஏப்ரல், மே வந்தால் திரும்ப ஒரு முறை சோதியுங்கள். குளிர்காலக் கணக்கு கோடைக்குச் செல்லாது. சூடு 10 டிகிரி ஏறினால் மீன் மூச்சு விடுவதும் கழிப்பதும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும்.

இன்னொன்று, ஒரு மீன் செத்தால் அதுவே மற்றதையும் கொல்லும். தாடை, துடுப்பு, செவுள் பார்த்து, சந்தேகம் வந்த மீனைக் கட்டும்போதே ஒதுக்கிவிடுங்கள். ஒரு மீன் நஷ்டத்தோடு போகும். வயிறு உப்பி, இன்றோ நாளையோ குட்டி போடப்போகும் பெண் மீனையும் ஏற்ற வேண்டாம்.

அமோனியாவைப் பிடிக்க ஜியோலைட் கல் போடுபவர்கள் உண்டு, வேலை செய்யும். ஆனால் அதே பாக்கெட்டில் உப்பும் நிறையப் போட்டால் ஜியோலைட் பிடித்த அமோனியாவைத் திரும்ப விட்டுவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரித்துண்டு நாற்றத்தை எடுக்கும், அமோனியாவை எடுக்காது.

பாக்கெட் தொளதொளவென்று வந்திருக்கிறது

முதலில் ஒரு தெளிவு. கட்டும்போது பந்து மாதிரி இருந்த பாக்கெட் 24 மணி நேரம் கழித்துச் சற்றுத் தளர்ந்திருந்தால் அது கசிவு இல்லை. மீன் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டது, அதற்குப் பதில் விட்ட கார்பன் டை ஆக்சைடில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்துவிட்டது. குளிர்ந்தாலும் வாயு சுருங்கும். கை வைத்து அழுத்தினால் திரும்ப எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் சரி.

பாதிக்கு மேல் வற்றியிருந்தால்தான் கசிவு. வெளிக்கவரை மட்டும் கழற்றி, உள்கவரைப் பக்கெட் தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி எங்கிருந்து வருகிறது என்பதே பதில். கழுத்திலிருந்து வந்தால் முறுக்கு போதவில்லை. கழுத்தை இறுக்கி முறுக்கி, முறுக்கிய வாலை மடக்கி, இரண்டு மடிப்பையும் சேர்த்து ரப்பர் பேண்டைச் சுற்ற வேண்டும். ஒரே சுற்று முறுக்கி நேராகக் கட்டினால் ராத்திரிக்குள் மெதுவாக இறங்கிவிடும். பல நாள் வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் பிசுபிசுவென்றிருக்கும், அதைத் தூக்கிப் போடுங்கள்.

அடியிலிருந்து வந்தால் கவரின் ஒட்டு. உடம்பிலிருந்து வந்தால் முள். சக்கர் மீனும் கெளுத்தி வகைகளும் துடுப்பு முள்ளை விரித்துக் குத்தும். அவற்றுக்கு உள்கவருக்கும் வெளிக்கவருக்கும் நடுவே நாலு மடிப்பு செய்தித்தாள் வைத்து, மூன்று கவர் போடுங்கள். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு பெரிய சக்கர்தான். சாதாரண மீனுக்கு 50 மைக்ரான் கவர், அதாவது 200 கேஜ், இரண்டு போட்டால் போதும். இரண்டாவது கவரை முதலாவதன் தலைகீழாக, முடிச்சு அடியில் வருமாறு மாட்டுங்கள்.

பாக்கெட் கெட்டி, தண்ணீரும் தெளிவு, மீன் மட்டும் மொத்தமாகச் செத்திருக்கிறது

இதுதான் குழப்பும். நாற்றமில்லை, நுரையில்லை, கசிவில்லை. வரிசையாக மூன்றைப் பாருங்கள்.

சூடு. பிரித்ததும் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுங்கள். 33, 34 இருந்தால் வேறு தேடவே வேண்டாம். சூடான தண்ணீர் ஆக்சிஜனையும் குறைவாகப் பிடிக்கும், மீனையும் வேகமாக மூச்சு விட வைக்கும். எனக்கு ஒரு மே மாதம் ஒரு பெட்டி அப்படியே போனது. பஸ்ஸில் பின்பக்கத்து டிக்கியில், எஞ்சினை ஒட்டி வைத்துவிட்டார்கள். ஏற்றும்போது நான் நின்று பார்க்கவில்லை. இப்போது பெட்டியில் ஏற்றுபவர் கண்ணில் படும்படி 'உயிர் மீன், எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள்' என்று எழுதி, பெட்டி உள்ளே போகும்வரை நிற்கிறேன். கோடையில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைச் செய்தித்தாளில் நன்றாகச் சுற்றி, மூடியின் உள்பக்கம் டேப் போட்டு ஒட்டுங்கள். பாக்கெட்டின் மேலேயே ஐஸைப் போட்டால் அடுத்த காலையில் மீன் குளிரில் விறைத்துக் கிடக்கும். வெப்பமண்டல மீனுக்கு 24–26 டிகிரி பயணத்துக்கு நல்லது. 20-க்குக் கீழே இறக்காதீர்கள்.

குளோரின். பைப்பில் வரும் தண்ணீரை நேராக நிரப்பியிருந்தால் செவுள் வெளிறி, சளி கட்டி, எல்லா மீனும் ஒரே நேரத்தில் போயிருக்கும். ஒரு நாள் ஏர் விட்டு வைத்த தண்ணீர், இல்லையென்றால் சோடியம் தயோசல்ஃபேட் போட்ட தண்ணீர். பேக்கிங் தண்ணீரை எப்போதும் பட்டினி டப்பின் தண்ணீரோடு ஒத்த சூட்டில், ஒத்த பிஎச்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டப்பிலிருந்தே மொண்டு கட்டாதீர்கள், அதில் ஏற்கெனவே கழிவு இருக்கிறது.

கடைசியாக, உள்ளே இருந்தது ஆக்சிஜன்தானா? கவரில் மீனும் தண்ணீரும் விட்டதும், வாயைக் கூட்டி, தண்ணீர் மட்டம்வரை கவரை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுத்தான் குழாயை நுழைக்க வேண்டும். அவசரத்தில் பாதிக் காற்று இருக்கும்போதே மேலே ஆக்சிஜனை விட்டால் பாக்கெட் கெட்டியாகத்தான் நிற்கும், உள்ளே இருப்பதோ 60 சதவீதம். ராத்திரி பதினொரு மணிக்கு நூறாவது பாக்கெட் கட்டும் கை இந்தத் தவறைச் செய்யும். செய்தது யார் என்று தேடுவதைவிட, அந்த நேரத்தில் ஆளை மாற்றுவது நல்லது.

பாக்கெட் நிறைய ஆக்சிஜன், மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது

பாக்கெட்டுக்குள் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிட்டது. இந்த வாயு ஆக்சிஜனைவிட 25 மடங்குக்கு மேல் தண்ணீரில் கரையும், அதனால் அதில் ஒரு பங்கு மேலே போகாமல் தண்ணீரிலேயே தங்குகிறது. அது ஏற ஏற மீனின் ரத்தம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் சக்தியை இழக்கிறது. சுற்றிலும் ஆக்சிஜன் இருந்தும் மீனால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. சில மீன் திணறும், சில மயங்கி ஒருக்களித்துப் படுக்கும். படுத்த மீனைச் செத்தது என்று எறிந்துவிடாதீர்கள். ஏர் ஓடும் நல்ல தண்ணீரில் விட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள், பல மீன் எழுந்துவிடும்.

அடுத்த முறைக்கு எண்ணிக்கையைக் குறைப்பது ஒரு வழி. இன்னொன்று காசு செலவில்லாதது: பாக்கெட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். நிற்க வைத்தால் தண்ணீரும் வாயுவும் சந்திக்கும் பரப்பு ஒரு டீ கிளாஸ் வாய் அளவுதான். படுக்க வைத்தால் ஒரு தட்டு அகலம். பஸ் ஓடும்போது குலுங்கித் தண்ணீர் தானாகக் கலக்கும், குடோனில் அசையாமல் கிடக்கும்போதுதான் இந்த அகலம் உயிரைக் காப்பாற்றும். உயரமான பெரிய மீனை மட்டும் நிற்க வைத்துத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

மூலையில் மட்டும் செத்திருக்கிறது, ஃபைட்டர் மட்டும் செத்திருக்கிறது

சின்ன மீன் கவரின் அடி மூலைக்குள் புகுந்து மாட்டிக்கொண்டு நசுங்கும். இரண்டு மூலையையும் திருகி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால், அல்லது மடக்கி டேப் ஒட்டிவிட்டால் அடி உருண்டையாகிவிடும். பாக்கெட்டுக்குப் பத்து வினாடி வேலை.

ஃபைட்டர், கௌராமி வகைகள் மேலே வந்து நேராகக் காற்றை உறிஞ்சுபவை. இவற்றுக்கு வழக்கமாகச் சிலிண்டர் வாயு தேவையில்லை, சாதாரணக் காற்றே போதும். ஒரு மீனுக்கு ஒரு சின்னக் கவர், மீன் மூழ்கித் திரும்பும் அளவு தண்ணீர், அதற்கு மேல் இரண்டு மடங்கு காற்று. கவர் நிறையத் தண்ணீரை நிரப்பி, இடமே விடாமல் கட்டினால் தண்ணீரில் வாழும் மீனே மூச்சு முட்டிச் சாகும். ஆண் ஃபைட்டர்களின் கவர்களுக்கு நடுவே பேப்பர் வைத்து மறையுங்கள். ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே போனால் வழி முழுக்கச் சிலிர்த்து விறைத்து, சேரும்போது சோர்ந்துவிடும்.

வழியில் வெடித்துவிட்டது

ஊட்டி, கொடைக்கானல் பெட்டிகளில் இது நடக்கும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சென்னையில் கட்டிய வாயு அங்கே போய்ச் சேரும்போது கால் பங்குக்குக் குறையாமல் விரியும். விமானத்தில் போகும் சரக்குக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான், உள்ளே அழுத்தம் மலை உயரத்துக்கு இறங்கும். மலைக்கும் விமானத்துக்கும் போகும் பாக்கெட்டை விரலால் அழுத்தினால் நன்றாக உள்ளே போகும் அளவுக்குத் தளர்த்திக் கட்டுங்கள். அதற்கேற்பப் பெரிய கவர் எடுத்தால் ஆக்சிஜன் அளவு குறையாது.

சிலிண்டர் பக்கம் கோளாறு

கட்டிக்கொண்டிருக்கும்போதே தீர்ந்துபோவது பெரிய தொல்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். பி டைப் சிலிண்டரின் உள்கொள்ளளவு 10 லிட்டர். சிலிண்டரின் அழுத்தக் கேஜ் பார் அளவில் காட்டும் எண்ணைப் பத்தால் பெருக்குங்கள். முள் 150-ல் இருந்தால் 1,500 லிட்டர், 40-ல் இருந்தால் 400 லிட்டர். பாக்கெட்டுக்கு 4 லிட்டர், சிந்துவது கொஞ்சம் என்றால் அந்த 400-ல் 80, 90 பாக்கெட் கட்டலாம். பெரிய டி டைப் என்றால் நிறைந்திருக்கும்போது 7,000 லிட்டர். 2021 கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜனெல்லாம் ஆஸ்பத்திரிகளுக்குத் திரும்பியது, திரும்ப வேண்டியதுதான். கேஜைப் பார்த்து எண்ணிக் கட்டும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது.

முள் தானாக இறங்குகிறது என்றால் சோப்புத் தண்ணீரை ரெகுலேட்டர் இணைப்பில் தடவிப் பாருங்கள். குமிழி வரும் இடத்தை, வால்வை மூடிவிட்டு, சரியான ஸ்பேனரால் இறுக்குங்கள். நிற்கவில்லை என்றால் வாஷர் போயிருக்கும், சிலிண்டர் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எங்கள் ஷெட்டில் புதிதாக வந்த பையன் ஒருவன், வால்வு இறுகியிருக்கிறது என்று விரலில் தேங்காய் எண்ணெய் எடுத்துப் பூசப் போனான். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயிலோ கிரீஸிலோ பட்டால் தீப்பொறியே தேவையில்லை, தானாகப் பற்றும். மீனுக்குத் தீனி பிசைந்த கை, தலைக்கு எண்ணெய் வைத்த கை, எதுவானாலும் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த பிறகுதான் வால்வைத் தொட வேண்டும். சிலிண்டரைச் சுவரோடு சங்கிலி போட்டு நிற்க வையுங்கள். வால்வை மெதுவாகத் திறங்கள். கதவு ஜன்னல் சாத்திய அறையில் கட்டாதீர்கள், சிந்தும் ஆக்சிஜன் துணியிலும் தலைமுடியிலும் தங்கி நிற்கும். அங்கே பீடி, ஊதுபத்தி, சாமி விளக்கு எதுவும் கூடாது.

நன்றாக வந்தது, மூன்றாம் நாளிலிருந்து சாகிறது

பயணத்தின் காயம் மெதுவாகத்தான் வெளியே தெரியும். அமோனியா செவுளைச் சுட்டிருந்தால் மீன் தீனி எடுக்காது, மூச்சு வேகமாக இருக்கும், செவுள் மூடி விரிந்தே நிற்கும். சளி உரிந்த இடத்தில் பஞ்சு மாதிரி படியும், கப்பிக்கு வால் கரையும், வெள்ளைப் புள்ளி வரும். வந்த மீனை ஒரு வாரம் தனித் தொட்டியில் வையுங்கள். முதல் நாள் தீனியே வேண்டாம், இரண்டாம் நாள் ஒரு சிட்டிகை. லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல்லுப்பு, நல்ல ஏர், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றம். மோலி இன்னும்கூட உப்பு தாங்கும், டெட்ராவுக்கும் கெளுத்திக்கும் பாதியாகக் குறையுங்கள். புள்ளியோ பஞ்சோ கண்ணில் பட்ட பிறகு அதற்குரிய மருந்து கொடுத்தால் போதும். எதுவும் தெரிவதற்கு முன்பே நாலு மருந்தை ஒன்றாக ஊற்றினால், ஏற்கெனவே வெந்துபோன செவுளுக்கு அது இன்னொரு அடி.

மதுரைக்காரருக்கு அடுத்த வாரம் திரும்ப 40 மோலி அனுப்பினேன். கழுவிய டப்பில் ஒரு நாள் பட்டினி, முன்பு இரண்டு பாக்கெட்டில் போனதை மூன்று பாக்கெட்டாகப் பிரித்து, படுக்க வைத்து. ஆக்சிஜன் அதே அளவுதான். பிரிக்கும் முறையைப் போனிலேயே சொல்லி, அவர் விளக்கை அணைத்து மிதக்கவிட்ட பிறகுதான் போனை வைத்தேன். நான்காம் நாள் அவரே கூப்பிட்டார். ஒன்று மட்டும் போய்விட்டது, பாக்கி 39-ம் தீனிக்கு மேலே வருகின்றன என்றார்.